ரியாக்டருக்கு டைனமிக் மாடல்: எங்கிருந்து தொடங்குவது?

சென்னையில் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் ஒருவர் கேட்டது இது: "ஜாக்கெட் போட்ட பேட்ச் ரியாக்டர் ஒன்றுக்கு டைனமிக் மாடல் எழுத வேண்டும், ப்ராஜெக்ட். ஸ்டெடி ஸ்டேட் சிமுலேஷன் நன்றாகவே வரும். நேரத்தோடு மாறும் மாடல் என்றதும் எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை. எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம்?"

பேட்ச் ரியாக்டர் என்றால் பொருட்களை மொத்தமாகப் போட்டு வினை முடியும் வரை வைத்திருக்கும் பாத்திரம், ஜாக்கெட் என்றால் சூடோ குளிரோ கொடுக்க அதைச் சுற்றி நீராவியோ தண்ணீரோ ஓடும் உறை. சாஃப்ட்வேரைக் கடைசியில் பார்ப்போம். மணலிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் ப்ராசஸ் வேலை பார்த்தவன் நான். சொதப்பிய டைனமிக் மாடல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றில் சில நானே எழுதியவை. சாஃப்ட்வேரால் கெட்டது என்று ஒன்றுகூட நினைவில்லை. சாதனத்துக்குள் எது எது தேங்குகிறது, அதில் எதைக் கணக்கில் வைப்பது, எதை விடுவது என்று யோசிக்காமலே சமன்பாடு எழுத உட்கார்ந்ததில்தான் எல்லாம் கெட்டது.

ஸ்டெடி ஸ்டேட்டில் வரவும் செலவும் சமம், இருப்பு என்ற பேச்சே கிடையாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பரப்பளவைக் கேட்பார்கள், அதன் எடையை யாரும் கேட்பதில்லை. டைனமிக் கணக்கோ மளிகைக் கடை நோட்டு மாதிரி. வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிச்சம் இருப்பில் ஏறும், இல்லாவிட்டால் இருப்பிலிருந்து இறங்கும். மொத்த நிறைக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு பக்கம், வெப்பத்துக்கு ஒரு பக்கம். வினை நடந்தால் ஒரு பொருளின் பக்கத்தில் செலவு, இன்னொன்றின் பக்கத்தில் வரவு, வெப்பத்தின் பக்கத்திலும் ஒரு வரவு. ஒவ்வொரு பக்கமும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. அவ்வளவுதான் கோட்பாடு. கஷ்டமெல்லாம் எத்தனை பக்கம் போடுவது என்பதில் இருக்கிறது.

முதலில் ரியாக்டரை விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, முழுக்க நிறைந்திருக்கிறது. அடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் முதலில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது. எப்போது காலியாகும்? 100 நிமிடம் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அந்தக் குழாய் அங்கேயே திறந்து கொட்டுகிறது என்றால் விடை கிட்டத்தட்ட 200 நிமிடம். மட்டம் இறங்க இறங்க வெளியேறும் வேகமும் மட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. அதைத் தொகையிட்டால் சரியாக இரண்டு மடங்கு வரும். கைக்கணக்கில் போட்டுப் பாருங்கள், நாலு வரிதான்.

அதே தொட்டி, அதே ஆரம்ப வேகம். ஆனால் குழாய் நாலு மாடி கீழே இறங்கித் தரைத்தளத்தில் திறக்கிறது. இப்போது தள்ளும் உயரம் தொட்டியின் ஒரு மீட்டர் மட்டுமில்லை, அதோடு 12 மீட்டர் குழாயும் சேர்ந்தது. தொட்டி முழுக்க இறங்கினாலும் வேகம் நாலு, ஐந்து சதவீதம்தான் குறையும். ஆக, தொட்டி 102, 103 நிமிடத்தில் காலி. அடியில் ஒரு பம்ப் போட்டு இழுத்தால் அந்த நாலு சதவீதம்கூட அநேகமாக இருக்காது.

தொட்டி ஒன்றுதான், மாடல் மூன்று. முதல் தொட்டி தன்னைத் தானே சமாளித்துக்கொள்ளும்: வரவைக் கொஞ்சம் கூட்டினால் மட்டம் கொஞ்சம் ஏறி, செலவும் கூடி, புதிய மட்டத்தில் நிற்கும். பம்ப் போட்ட தொட்டிக்கு அந்தச் சமர்த்து கிடையாது. வரவு ஒரு லிட்டர் அதிகமாக இருந்தாலும் வழியும் வரை ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் ஒரே மாதிரி கன்ட்ரோலர் (அளவைப் பார்த்து வால்வைத் தானே திருப்பும் கருவி) வைத்துப் பிடிக்க முடியாது. சாதனத்தின் தன்மையைப் பாதி அளவுக்கு அதன் வெளியேறும் குழாயில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது. மாணவர்கள் பாத்திரத்தை மட்டும் வரைந்து வாங்குகிற திட்டு அநேகமாக இதற்குத்தான்.

சரி, ரியாக்டருக்கு வருவோம். எண் இல்லாமல் பேசினால் காற்றில் பேசுவது போல இருக்கும், அதனால் ஒரு கற்பனைப் பாத்திரம் வைத்துக்கொள்வோம். உள்ளே 5 டன் தண்ணீர் போன்ற திரவம். ஸ்டீல் சுவர் 4 டன். ஜாக்கெட்டுக்குள் 600 லிட்டர் தண்ணீர். வெப்பம் கடக்கும் பரப்பு 12 சதுர மீட்டர், மொத்த வெப்பக் கடத்துகைக் கெழு (சுவரை வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்ற அளவு) சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 350 வாட்.

ஒரு டிகிரி ஏற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் பாருங்கள். திரவத்துக்குச் சுமார் 21,000 கிலோஜூல். ஜாக்கெட் தண்ணீருக்கு 2,500. சுவருக்கு 2,000. பரப்பையும் கெழுவையும் பெருக்கினால் டிகிரிக்கு 4.2 கிலோவாட். 21,000-ஐ 4.2-ஆல் வகுத்தால் 5,000 விநாடி, அதாவது 83 நிமிடம். இதுதான் இந்தப் பாத்திரத்தின் கால மாறிலி. ஜாக்கெட் வெப்பநிலையைத் திடீரென்று மாற்றினால், உள்ளே போக வேண்டிய தூரத்தில் 63 சதவீதம் போக 83 நிமிடம் ஆகும். ஒரு சமன்பாடும் தீர்க்காமல், ஒரு வகுத்தலில் கிடைத்த எண் இது. மாடல் எழுதி முடித்த பிறகு கணினி எட்டு நிமிடம் என்றோ எண்ணூறு நிமிடம் என்றோ சொன்னால், எங்கோ அலகு தப்பிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். இந்தக் கைக்கணக்கைச் செய்யாமல் சிமுலேட்டரைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

இப்போது சுவரைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா? திரவத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். பேட்ச் முடிய எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கேள்வியானால் சுவரின் 2,000-ஐத் திரவத்தோடு கூட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கன்ட்ரோலரை ட்யூன் செய்வது கேள்வியானால் அது முடியாது. சுவருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெப்பம் கடக்கும் வேகத்தைச் சரிபாதியாக வைத்துப் போட்டால், சுவரின் சொந்தக் கால மாறிலி இரண்டு நிமிடம் வருகிறது. 83 நிமிடத்தின் முன்னால் இரண்டு நிமிடம் தூசு மாதிரி தெரியும். கன்ட்ரோல் லூப்புக்கு, அதாவது அளந்து, வால்வைத் திருப்பி, மறுபடி அளக்கும் சுற்றுக்கு, அது தூசு இல்லை, லூப் ஆடுவதும் ஆடாமல் இருப்பதும் இந்த மாதிரிச் சின்னத் தாமதங்களின் கூட்டுத்தொகையில்தான் இருக்கிறது. அதனால் எந்தக் கேள்விக்காக மாடல் எழுதுகிறீர்கள் என்பதை நோட்டின் முதல் வரியில் எழுதி வைத்துவிடுங்கள். கைடு "எல்லாத்துக்கும் பயன்படுற மாதிரி எழுதுப்பா" என்று சொன்னாலும் மனதுக்குள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயு ஓடும் எக்ஸ்சேஞ்சர் என்றால் கதை தலைகீழ். குழாய்களுக்குள் ஒரு கன மீட்டர் வாயு, 10 பார் அழுத்தத்தில், எடை சுமார் 10 கிலோ. ஒரு டிகிரி ஏற்ற 10 கிலோஜூல் போதும். குழாய்களின் ஸ்டீல் 2 டன், அதற்கு 1,000 கிலோஜூல். இருப்பு மொத்தமும் உலோகத்தில் இருக்கிறது. இங்கே வாயுவுக்கு வகைக்கெழுச் சமன்பாடு போடுவது வீண் வேலை. வாயுவை அந்தந்த நொடிக்கு ஸ்டெடி ஸ்டேட்டாக வைத்துக்கொண்டு, உலோகத்துக்கு மட்டும் சமன்பாடு எழுத வேண்டும். நான் பார்த்த பல மாடல்கள் இதை நேர்மாறாகச் செய்திருந்தன, வாயுவை இருபது துண்டாகப் பிரித்துத் தனித்தனிச் சமன்பாடு, சுவருக்கு ஒன்றுமில்லை. நிஜத்தில் நிமிடக்கணக்கில் நடப்பது அந்த மாடலில் நொடியில் முடிந்துவிடும்.

உலோகத்தில் தேங்கும் வெப்பத்தைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மிலான் நகருக்கு வடக்கே மேதா என்ற ஊரில் ட்ரைகுளோரோபீனால் தயாரித்த ஆலை. 1976 ஜூலை 10, சனிக்கிழமை. வார இறுதிக்காக பேட்ச் முடியும் முன்பே வேலையை நிறுத்தினார்கள். சூடாக்குவதும் நின்றது, பிறகு கிளறியும் நின்றது. உள்ளே இருந்த கலவை அபாயமான வெப்பநிலைக்கு நன்றாகக் கீழேதான் இருந்தது. ஏறக்குறைய ஏழு மணி நேரம் கழித்து ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் கிழிய வைத்திருக்கும் தகடு) உடைந்து, டையாக்ஸின் என்ற நச்சு கலந்த புகை பக்கத்து ஊரான செவெசோ மேல் இறங்கியது. விபத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: சூடாக்கப் பயன்பட்ட நீராவி வழக்கத்தைவிட அதிகச் சூடாக இருந்தது. திரவ மட்டத்துக்கு மேலே இருந்த சுவர் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. கிளறி நின்ற பிறகு அந்தச் சூடு திரவத்தின் மேல் படலத்தை மட்டும் ஏற்றியது. அந்த மெல்லிய படலத்தில் மெதுவான ஒரு வெப்ப உமிழ் வினை தொடங்கி, பிறகு தன்னைத் தானே வேகப்படுத்திக்கொண்டது.

நாம் அனிச்சையாக எழுதும் இரண்டு அனுமானங்கள் அங்கே சேர்ந்தே பொய்த்திருக்கின்றன. பாத்திரம் முழுக்க ஒரே வெப்பநிலை என்பது ஒன்று, சுவரின் வெப்பம் பொருட்டில்லை என்பது இன்னொன்று. கிளறி ஓடும் வரை இரண்டும் நல்ல அனுமானங்கள்தான். நின்ற நொடியிலிருந்து அந்த மாடல் வேறு ஏதோ பாத்திரத்தைப் பற்றியது ஆகிவிடுகிறது. அனுமானங்களை ரிப்போர்ட்டில் எழுதும்போது, எந்த நிலைமையில் அது செல்லாது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்வது இதனால்தான்.

உங்கள் பேட்ச் ரியாக்டரின் வெப்பப் பக்கத்தில் இரண்டு பெரிய வரிகள் இருக்கும். வினையால் வரும் வெப்பம் வரவு, சுவர் வழியாக ஜாக்கெட்டுக்குப் போவது செலவு. செலவு வெப்பநிலை வித்தியாசத்தோடு நேர்கோட்டில் ஏறும். வரவு அப்படி ஏறாது. கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 80 கிலோஜூல் இருக்கும் ஒரு வினை, 77 டிகிரி செல்சியஸில், 10 டிகிரி ஏறினால் இரண்டு மடங்குக்குச் சற்று மேலேயே வேகமாகும். நேர்கோடும் அடுக்குக்குறி வளைவும் போட்டி போட்டால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் மாணவர்கள் நம்ப மறுக்கும் ஒரு விஷயம் உண்டு. அதிகக் குளிர்ந்த ஜாக்கெட் அதிகப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். வரவும் செலவும் சமமாக இருக்கும் புள்ளியில், வெப்பநிலை ஒரு துளி ஏறும்போது செலவு ஏறும் சரிவு வரவு ஏறும் சரிவைவிட அதிகமாக இருக்க வேண்டும். வினைப்பொருள் தீர்ந்துபோவதைச் சற்று மறந்துவிட்டால், அந்த நிபந்தனை ஒரு அழகான எண்ணாகச் சுருங்குகிறது: வாயு மாறிலியைக் கெல்வின் வெப்பநிலையின் வர்க்கத்தால் பெருக்கி, கிளர்வு ஆற்றலால் வகுத்தது. ரியாக்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் இருக்க வேண்டும். மேலே சொன்ன வினைக்கு அது 13 டிகிரிக்கும் கீழே. அதாவது 77 டிகிரியில் ஓடும் பாத்திரத்தின் ஜாக்கெட் 65 டிகிரியில் இருந்து சமாளித்தால் அது தானாக நிலைத்து நிற்கும். அதே வெப்பத்தை எடுக்க 33 டிகிரி ஜாக்கெட் தேவைப்படுகிறது என்றால், உங்களிடம் போதிய பரப்பளவு இல்லை என்று அர்த்தம். கன்ட்ரோலர் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அந்தப் பாத்திரம் நிற்கும்.

33 என்று சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டுப் புத்தகக் கணக்குகளில் கூலிங் வாட்டர் 20, 25 டிகிரியில் வரும். சென்னையில் அந்தத் தண்ணீரை எங்கே போய் வாங்குவது? கூலிங் டவர் தண்ணீர் காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) கீழே போகவே முடியாது, கடலோர ஊர் என்பதால் அதுவே நமக்கு அதிகம். 32, 33 டிகிரி என்று வைத்துத்தான் இங்கே டிசைன் செய்கிறார்கள். மே மாதப் பிற்பகலில் கடல் காற்று உள்ளே வந்ததும் வெளியே நிற்கும் நமக்கு அப்பாடா என்றிருக்கும். டவருக்கு அந்த அப்பாடா பாதிகூடக் கிடைக்காது, வெப்பம் குறைந்த அளவுக்கு ஈரப்பதம் ஏறிவிடுகிறது. கூலிங் வாட்டர் வெப்பநிலையை மாறிலியாகப் போடாமல், நாள் முழுக்க மெதுவாக அலையும் ஒரு உள்ளீடாகப் போட்டுப் பாருங்கள். மாடல் சொல்லும் கதை மாறும்.

அடுத்து, என் சொந்த அவமானம் ஒன்று. ஒரு தொழிற்சாலையில் செமி பேட்ச் ரியாக்டருக்கு (ஒரு பொருளை, அதாவது ஃபீடை, நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் வகை) மாடல் எழுதினேன். ஜாக்கெட் வால்வைத் திறந்தால் மாடலில் வெப்பநிலை உடனே அசைந்தது, பிளான்ட் சார்ட்டில் மூன்று நிமிடம் தாமதமாக அசைந்தது. வினைவேகத்தைச் சந்தேகப்பட்டேன், வெப்பக் கடத்துகையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஜாக்கெட் கொள்ளளவை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றினேன், கோடு கோட்டின் மேல் அப்படியே உட்கார்ந்தது. ஜாக்கெட்டில் எங்கோ தேங்கல் இருக்கிறது என்று ஒரு விளக்கமும் தயார் செய்துவிட்டேன். பொருந்திவிட்டால் மனம் எந்த விளக்கத்தையும் ஏற்றுக்கொள்ளும்.

பிறகு ஃபீட் ஊற்றும் கட்டத்தைப் பார்த்தேன். அங்கே சூடு உள்ளேயிருந்து வருகிறது, ஜாக்கெட்டைத் தாண்டி வர வேண்டியதில்லை. அதிலும் பிளான்ட் மூன்று நிமிடம் பின்தங்கியது. ஜாக்கெட்தான் காரணம் என்றால் இங்கே தாமதம் இருக்கக் கூடாது. கன்ட்ரோல் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திருவொற்றியூரிலிருந்து வரும் சீனியர் ஆபரேட்டர் ஒருவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், அந்த மீட்டரு எப்பவுமே லேட்டாத்தான் சார் சொல்லும். நாங்க ஜாக்கெட் அவுட்லெட் லைன்ல கைய வெச்சுப் பாத்துக்குவோம்."

மறுநாள் சென்சாரைக் கழற்றினார்கள். தெர்மோவெல் (சென்சாரைக் காக்கும் உறைக்குழாய்) உள்ளே எண்ணெய் வறண்டுபோயிருந்தது. வெப்பநிலை அளக்கும் ஆர்டிடி குச்சி அடியைத் தொடாமல், சுற்றிலும் காற்று இடைவெளியோடு தொங்கிக்கொண்டிருந்தது. காற்றைப் போல வெப்பத்தை மறிப்பது அங்கே வேறென்ன இருக்கிறது? எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் வைத்த குச்சியாக மாற்றி, அடியில் அழுந்த வைத்த பிறகு தாமதம் ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்தது. நான் இரண்டு வாரம் தேடியது ரியாக்டரில் இல்லவே இல்லை.

அன்றிலிருந்து சென்சாரையும் வால்வையும் சாதனத்தின் பாகமாகவே எழுதுகிறேன். தெர்மோவெல் என்பது வெப்பத்தைத் தேக்கும் இன்னொரு சின்னப் பாத்திரம், அதற்கும் ஒரு பக்கம் போட வேண்டும். குழாயில் போகும் நேரம் வேறு வகை: 40 மீட்டர் லைனில் திரவம் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், முதல் 40 விநாடி மறுமுனையில் ஒன்றுமே நடக்காது. அதைக் கால மாறிலியாக எழுதக் கூடாது, சுத்தத் தாமதமாக எழுத வேண்டும். வால்வுகளில் ஸ்டிக்கி வால்வு தனிக் கதை. சிக்னல் இரண்டு சதவீதம் மாறும் வரை அசையாமல் இருந்துவிட்டு ஒரே தாவாகத் தாவும். அதை மாடலில் சேர்ப்பதைவிடப் பழுது பார்ப்பது மலிவு.

கலவையைக் கொதிக்க வைத்துப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரம் பற்றி இரண்டு வார்த்தை, ப்ராஜெக்டை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா என்று சிலர் நினைப்பார்கள். கோபுரத்தில் ஆவி மேலே போவது வேகம், திரவம் ஒவ்வொரு தட்டாக வழிந்து இறங்குவது நிதானம். தட்டுக்குச் சில விநாடி வீதம் நாற்பது தட்டுக்கு நிமிடக்கணக்கில் ஆகிவிடும். ஆனால் பொருட்களின் விகிதம் தட்டுத் தட்டாகச் சரியாகி நிலைக்க மணிக்கணக்கில் ஆகலாம். இந்த இரண்டு கடிகாரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகாமல் கோபுரத்தில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு கடிகாரம் என்றதும் தீர்க்கும் முறைக்கு வர வேண்டியிருக்கிறது. உங்கள் ரியாக்டரிலும் அந்தச் சிக்கல் உண்டு. மேலே இருக்கும் ஆவிப் பகுதியின் அழுத்தம் இரண்டு விநாடியில் சரியாகலாம், உள்ளே வெப்பநிலை 83 நிமிடம். நேரத்தைச் சின்னச் சின்ன அடியாக வெட்டி நகரும் சாதாரண ஆய்லர் முறையில் அடி எடுத்து வைத்தால், ஒரு அடி அந்த வேகமான கால மாறிலியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. இங்கே நாலு விநாடி. தாண்டினால் எண்கள் மேலும் கீழும் குதித்து வெடித்துவிடும். வெப்பநிலை மட்டும்தானே வேண்டும் என்று பெரிய அடி வைத்தாலும் வெடிக்கும். இதைப் பார்த்துவிட்டு ரன்அவே (வினை கட்டுமீறி ஓடுவது) வந்துவிட்டது என்று பயந்து ஓடி வந்த ஜூனியர் ஒருவரைத் தெரியும். அடியைப் பாதியாக்கி, மறுபடி மறுபடி பாதியாக்கி ஓட்டுங்கள். வெடிப்பு காணாமல் போனால் அது கணக்கின் குற்றம், அப்படியே இருந்தால்தான் பாத்திரத்தின் குணம்.

வேகமும் நிதானமும் கலந்த இந்த மாதிரிச் சமன்பாடுகளை ஸ்டிஃப் என்பார்கள். இதற்கென்றே மறைமுக முறைகள் (அடுத்த அடியின் மதிப்பையும் சமன்பாட்டுக்குள் வைத்துத் தீர்ப்பவை) இருக்கின்றன, 1970-களின் தொடக்கத்தில் கணினி விஞ்ஞானி பில் கியர் பிரபலப்படுத்தியவை. பைத்தானின் ஸைபை நூலகத்தில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் அதுதான். மேட்லாபில், சைலாபில் எல்லாவற்றிலும் இருக்கிறது. இன்னொரு வழி, அந்த இரண்டு விநாடி அழுத்தம் உங்கள் கேள்விக்கு வேண்டாம் என்றால் அதன் வகைக்கெழுவைத் தூக்கிவிட்டு சாதாரணச் சமன்பாடாக எழுதிவிடுவது.

அப்படித் தூக்கும்போது ஒரு பொறி. "மட்டம் எப்போதும் மாறாது" என்று எழுதிவிட்டு, வெளியேறும் ஓட்டத்தை அறியாததாக விட்டீர்கள் என்றால், அந்த ஓட்டத்தைத் தரும் சமன்பாடு நேரடியாக எங்குமே இருக்காது. மட்டத்தின் சமன்பாட்டை ஒரு முறை வகைக்கெழு எடுத்தால்தான் அது வெளியே வரும். உயர் இன்டெக்ஸ் என்று பாடத்தில் வருவது இதுதான். சமன்பாட்டைத் தீர்க்கும் நிரலான சால்வர் புரியாத பிழைச் செய்தி ஒன்றைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மட்டத்துக்கு நிஜமான ஒரு வால்வும் ஒரு சின்னக் கன்ட்ரோலரும் போட்டுவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் மறைந்துவிடும். பிளான்ட்டிலும் மட்டம் சும்மா மாறாமல் இருப்பதில்லை, ஒரு வால்வு வேலை செய்வதால்தான் மாறாமல் இருக்கிறது.

அப்புறம், கேட்ட சாஃப்ட்வேர். முதல் மாடலைப் பைத்தானிலோ சைலாபிலோ உங்கள் கையாலேயே எழுதுங்கள், நாலைந்து சமன்பாடுதான். ஐஐடி பம்பாயின் ஃபாஸீ திட்டத்தினர் சைலாப், ஓப்பன்மாடலிகா, டிடபிள்யூசிம் என்ற மூன்று இலவச மென்பொருளுக்கும் பயிற்சிப் பாடங்கள் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. ஆஸ்பென் டைனமிக்ஸ், ஹைசிஸ் டைனமிக்ஸ் எல்லாம் கல்லூரியில் லைசென்ஸ் இருந்தால் அதன் பிறகு தொடுங்கள். ஸ்டெடி ஸ்டேட் ஃபைலை டைனமிக்காக மாற்றச் சொன்னதும் அது பாத்திரத்தின் விட்டம், உயரம், வால்வு அளவு, குழாய் ஏற்ற இறக்கம் என்று கேள்வியாகக் கேட்கும். எல்லாம் அந்த மொட்டை மாடித் தொட்டியிடம் நாம் கேட்டவைதான். கேட்கிறதே என்று கொடுத்திருக்கும் டிஃபால்ட் எண்ணை அப்படியே விட்டுவிடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய பாவம்.

மாடல் ஓடத் தொடங்கியதும் கோடு அழகாக வருகிறதா என்று பார்க்காதீர்கள். ஸ்டெடி ஸ்டேட்டில் வைத்து, எதையும் தொடாமல் பத்து மணி நேரம் ஓட்டுங்கள். ஏதாவது ஒன்று மெதுவாக நகர்ந்தால் கணக்கில் ஓட்டை. உங்கள் பேட்சுக்கு வினையை அணைத்துவிட்டு, ரியாக்டர், ஜாக்கெட் இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்து ஓட்டலாம். பிறகு மொத்த வரவு, மொத்தச் செலவு, இருப்பின் மாற்றம் மூன்றையும் தனியாகக் கூட்டிப் பாருங்கள், தசமப் புள்ளிக்குப் பின் பல இடம் வரை ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு உள்ளீடாக அசைத்து, திசை சரியா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள்.

திசை சில நேரம் ஏமாற்றும். பாய்லர் டிரம்மில் நீராவியை அதிகமாக இழுத்தால் உள்ளே தண்ணீர் குறைகிறது, ஆனால் மட்டம் முதலில் ஏறும். அழுத்தம் விழுந்ததும் குமிழிகள் ஊதிக்கொள்வதால் அப்படி. உங்கள் மாடலில் மட்டம் ஒழுங்காக உடனே இறங்கினால், தப்பு மாடலில். எந்தப் பாய்லர் அட்டெண்டரும் இதைச் சொல்வார்.

பிளான்ட் டேட்டாவோடு ஒப்பிடும்போது ஒரே வெப்பநிலைக் கோட்டை வைத்துக்கொண்டு வெப்பக் கடத்துகைக் கெழு, வினைவேக மாறிலி இரண்டையும் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஒன்றைக் கூட்டி மற்றதைக் கூட்டினால் ஏறக்குறைய அதே கோடு வரும். வினை இல்லாமல் வெறும் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு ஓட்டத்திலிருந்து கெழுவை முதலில் எடுத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் நாட்களில் இந்த டேட்டா சும்மாவே கிடைக்கும், யாரும் சேமித்து வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். வினைவேகத்தை அதன் பிறகு தேடலாம்.

ஸ்டெப் டெஸ்ட் (வால்வைச் சட்டென்று ஒரு அளவு அசைத்து விளைவை அளப்பது) செய்ய ஷிஃப்ட் இன்சார்ஜ் சம்மதித்தால் பெரிய பாக்கியம். உற்பத்தி கெடாத ஒரு நேரமாக அவரையே சொல்லச் சொல்லுங்கள், வால்வை எத்தனை சதவீதம் அசைக்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும். அசைக்கும் முன் கன்ட்ரோலரை மேனுவலில் போட மறக்க வேண்டாம். மறந்தால் நீங்கள் அளப்பது ரியாக்டரை அல்ல, கன்ட்ரோலரை. டேட்டாவை வாங்கும்போது, அதைச் சேமிக்கும் கணினியான ஹிஸ்டோரியனில் கம்ப்ரஷன் போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். போட்டிருந்தால் சின்னச் சின்ன மாற்றங்களை அது சேமிக்காது, இரண்டு புள்ளியை வைத்து நடுவில் நேர்கோடு இழுத்துக் காட்டும். உங்களுக்கு வேண்டிய முதல் இரண்டு நிமிடம் அந்த நேர்கோட்டுக்குள் புதைந்து போயிருக்கும். டெஸ்ட் நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கம்ப்ரஷனை நிறுத்தி வைக்கச் சொல்லி இன்ஸ்ட்ருமென்டேஷன்காரரிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.